பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு ஜப்பான் எப்படித் தெரிகிறது?

ஜப்பானில் குடியேறிய பிலிப்பைன்ஸ்காரர்கள் அந்த ஊர்ப் பழக்கவழக்கங்களைத் தங்கள் ஊரோடு எப்படி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சோறு சாப்பிடுகிற, புயலுக்கும் நிலநடுக்கத்துக்கும் பழகிய தீவு நாடுகள்தானே, அவ்வளவு வித்தியாசம் இருக்குமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கிறது.

நிறைய இருக்கிறது. நாகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழில் நகரத்தில் 9 வருடம் வேலை பார்த்தேன். அது ஐச்சி மாகாணம். ஜப்பானிலேயே பிலிப்பைன்ஸ்காரர்கள் அதிகம் வாழ்வது அங்கேதான். எங்கள் குடியிருப்பில் எனக்குக் கீழ் வீட்டில் இருந்தவர் மணிலாவுக்கு வடக்கே இருக்கும் புலகான் மாகாணத்துப் பெண். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. எல்லோரும் அவரை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவோம். தகலோக் மொழியில் அக்கா என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் முன்பின் தெரியாத பெண்ணைக்கூட அக்கா என்றுதான் அழைப்பார்கள். இங்கே நான் சொல்வதில் பாதி அவர் வாயால் கேட்டது.

யார் எந்த வழியாக ஜப்பானுக்குள் வந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒப்பீடும் மாறும், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று அங்கே 3 லட்சத்துக்கும் மேல் பிலிப்பைன்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். 1980களில் இரவு விடுதிகளில் பாடவும் ஆடவும் வந்த பெண்கள்தான் மூத்த தலைமுறை. 2004இல் மட்டும் கலைஞர் விசாவில் 80,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆள்கடத்தல் பற்றிய அமெரிக்க அரசின் அறிக்கை ஜப்பானைக் கடுமையாகக் குறை சொன்ன பிறகு, 2005இல் அந்தக் கதவை இறுக்கினார்கள். இன்னொரு கூட்டம், இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் பிலிப்பைன்ஸின் தாவாவோ பகுதியில் அபாகா நார்த் தோட்டங்களில் குடியேறிய ஜப்பானியர்களின் பேரன் பேத்திகள். 1990இல் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இவர்கள் தொழிற்சாலை வேலைகளுக்கு வர ஆரம்பித்தார்கள். அப்புறம், 2008இல் நடைமுறைக்கு வந்த இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி 2009 முதல் வந்த செவிலியர்களும் முதியோர் பராமரிப்பாளர்களும். ஆத்தே இந்த வழியில் வந்தவர். மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு நான்காம் வருடம் ஜப்பானிய மொழியிலேயே தேசியத் தேர்வு எழுத வேண்டும். அப்போதெல்லாம் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். படுக்கைப்புண்ணுக்கு ‘ஜொக்குசோ’ என்று ஒரு சொல். அதன் சித்திர எழுத்தை எழுத ஜப்பானியர்களே தடுமாறுவார்கள். பகலெல்லாம் ஆட்களைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, இரவில் அந்த எழுத்தை நூறு முறை எழுதிப் பழகியதாக ஆத்தே சொல்வார்.

சரி, வித்தியாசத்துக்கு வருகிறேன்.

பிலிப்பைன்ஸில் ஜீப்னி என்று ஒரு வண்டி ஓடுகிறது. போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டியதில் பிறந்தது. எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சு, பின்பக்கம் ஏறும் வழி. கடைசியில் உட்கார்ந்திருப்பவர் ‘பாயாத் போ’ என்று சொல்லிக் காசை நீட்டினால், அது கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வரும். இறங்க வேண்டுமென்றால் ‘பாரா போ’ என்று குரல் கொடுக்க வேண்டும். அதாவது வண்டியில் ஏறிய நிமிடத்திலிருந்து நீங்கள் பத்து பேரோடு பேச்சு வார்த்தையில் இருக்கிறீர்கள். அங்கிருந்து வந்தவர் நாகோயாவின் காலை நேர ரயிலில் ஏறுகிறார். பெட்டி நிறைய ஆட்கள், ஒரு சத்தம் இல்லை. கைபேசி மணி அடிக்காது, பையை முன்பக்கம் அணைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இழவு வீடு மாதிரி என்று நாம் சொல்லிவிடுவோம். ஆத்தேவுக்கு அந்த உவமையும் பொருந்தாது, ஏனென்றால் அவர்கள் ஊரில் இழவு வீட்டில்தான் விடிய விடியக் காப்பியும் சீட்டாட்டமும் பேச்சும் நடக்கும். முதல் வாரம் முழுக்கத் தன்மேல் எல்லோருக்கும் ஏதோ கோபம் என்று நினைத்தாராம்.

இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது: மேய்வக்கு. பிறருக்கு நம்மால் வரும் தொந்தரவு என்று பொருள் சொல்லலாம். ஜப்பானியக் குழந்தை வீட்டிலும் பள்ளியிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற பாடம், யாருக்கும் மேய்வக்கு கொடுக்காதே என்பதுதான். பிலிப்பைன்ஸ் குழந்தை கேட்டு வளர்வது ‘குமாயின் கா நா?’, அதாவது சாப்பிட்டாயா என்ற கேள்வி. வாசலில் யார் வந்து நின்றாலும், வீட்டில் பாதித் தட்டுச் சோறுதான் இருந்தாலும், வா சாப்பிடலாம் என்பார்கள். பிலிப்பைன்ஸில் ஒருவர்மேல் அக்கறை இருந்தால் அவர் வாழ்க்கைக்குள் புகுந்துவிடுவார்கள். ஜப்பானில் அக்கறை இருந்தால் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். மற்ற வேறுபாடுகளில் முக்கால்வாசியை இதிலிருந்தே பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இது ஆத்தேவுக்கு விளங்கியது ஒரு காய்ச்சலில். வந்த இரண்டாம் குளிர்காலத்தில் மூன்று நாள் படுத்துவிட்டார். ஊரில் என்றால் தெருவே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும், ஒருத்தி கஞ்சி வைப்பாள், ஒருத்தி கால் அமுக்குவாள். இங்கே ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அழுதேவிட்டார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால், வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே குளுக்கோஸ் பானம், பழக்கூழ், நெற்றியில் ஒட்டுகிற குளிர் பட்டை. எதிர்வீட்டு ஜப்பானிய அம்மாள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், மணிகூட அடிக்காமல். முதலில் அது ஆத்தேவுக்கு வலிக்கத்தான் செய்தது. இவ்வளவு தூரம் வந்தவர் உள்ளே வந்து ஒரு வார்த்தை பேசக் கூடாதா? பல மாதம் கழித்து, முதியோர் இல்லத்தில் உடன் வேலை செய்பவர் விளக்கினார்: மணி அடித்தால் நோயாளி எழுந்து, தலை வாரி, கதவைத் திறந்து, குனிந்து நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைக் கொடுக்கக் கூடாது என்றுதான் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போனார். இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் ஆத்தே கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

ஆனால் அந்தப் பையோடு விஷயம் முடியவில்லை. ஜப்பானில் வாங்கியதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘ஒகாயெஷி’ என்று பெயர். பிறப்பு, சாவு போன்ற முறையான சந்தர்ப்பங்களில் வந்ததில் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்வது வழக்கம். சாவு வீட்டில் உறையில் வைத்துக் கொடுக்கும் பணத்துக்கும் பதில் அன்பளிப்பு வந்துவிடும். மேலே விழுந்த பாரம் சீக்கிரம் இறங்க வேண்டும், எதிராளி மனதிலும் அது தங்கக் கூடாது. பிலிப்பைன்ஸிலும் நன்றிக்கடன் பெரிய விஷயம்தான். ‘ஊத்தாங் நா லோவோப்’ என்பார்கள், உள்ளத்தின் கடன். ஆனால் அதை உடனே அடைப்பது அவமதிப்பு மாதிரி. உன்னோடு எனக்கு இனி ஒன்றுமில்லை என்று சொல்வதாக ஆகிவிடும். அது வருடக் கணக்கில், சில நேரம் பிள்ளைகள் காலம் வரைக்கும் நிலுவையில் இருக்கும். அந்த நிலுவையே உறவு. நம் ஊர் மொய் நோட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று நான் ஆத்தேவிடம் சொல்வேன். காய்ச்சல் பைக்குப் பதிலாக அவர் முட்டையும் பாலும் போட்டு லெச்சே ஃபிளான் என்ற இனிப்பு செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாளே ஒரு அழகான துண்டு பெட்டியில் வந்தது. அதற்கு இவர் மாம்பழ வற்றல் கொடுத்தார், அதற்கு ஆரஞ்சுப் பழங்கள் வந்தன. இரண்டு பேரில் யார் நிறுத்துவது என்று தெரியாமலேயே அவர்கள் சிநேகிதிகளாகிவிட்டார்கள்.

பயணம் போய்வந்தால் ஏதாவது வாங்கி வருவது இரண்டு ஊரிலும் கட்டாயம். ஜப்பானில் அதற்கு ஒமியாகே என்று பெயர், எழுத்தைப் பார்த்தால் மண்ணின் விளைச்சல் என்று வரும். பிலிப்பைன்ஸில் பாசலூபோங், எதிர்கொண்டு சந்திப்பது என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. இந்தப் பெயர்களிலேயே குணம் தெரிகிறது. ஒமியாகே பெரும்பாலும் அலுவலகத்துக்கு. போன ஊரின் பெயர் அச்சடித்த பெட்டியில், தனித்தனியாகச் சுற்றிய பலகாரம், ஆளுக்கு ஒன்று, எண்ணிப் பார்த்து வாங்கியது. நான் விடுப்பில் போனபோது என் வேலையை நீங்கள் பார்த்தீர்கள் என்ற நன்றி அதில் இருக்கிறது. பாசலூபோங்கில் ஆள் முக்கியம். தம்பிக்குச் செருப்பு, சித்திக்குச் சோப்பு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சாக்லேட். அதன் பெரிய வடிவம்தான் பாலிக்பாயான் பெட்டி. வீட்டின் ஒரு மூலையில் ஆள் நுழையும் அளவு அட்டைப்பெட்டி மாதக் கணக்கில் நிற்கும். தள்ளுபடியில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் போட்டு நிரப்பிக் கப்பலில் அனுப்புவார்கள். ஆத்தே வீட்டுப் பெட்டியில் பெரும்பாலும் ஷாம்பு, காப்பித்தூள், பழைய கம்பளிச் சட்டைகள். புலகானில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். ‘ஜப்பான் வாசம் அடிக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்’ என்றார்.

வாசம் என்றதும் கருவாடு ஞாபகம் வருகிறது. ‘துயோ’ என்ற உப்புக் கருவாட்டைப் பொரித்துப் பூண்டுச் சோற்றோடு காலையில் சாப்பிடுவார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு நாள் எல்லாத் தபால் பெட்டியிலும் ஒரே மாதிரி ஒரு தாள்: சமையல் வாசனை விஷயத்தில் அனைவரும் கவனமாக இருக்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறோம். யார் பெயரும் இல்லை. எனக்கும் வந்தது. என் வீட்டில் தாளித்த வாசனைதானோ என்று நானும் பயந்தேன். நேரில் வந்து சொன்னால் என்ன என்று ஆத்தேவுக்கு மனது புழுங்கியது. ஆனால் யோசித்தால், பிலிப்பைன்ஸ்காரர்களும் முகத்துக்கு நேரே குறை சொல்கிறவர்கள் இல்லை. அவர்களுக்கு ‘ஹியா’ என்ற கூச்சம் பெரிது. அந்த ஆள் காதில் விழும்படி வேறு யாரிடமோ சொல்வது போல ஜாடை பேசுவார்கள், அதற்குப் ‘பாரினிக்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. அல்லது நடுவில் ஒருவரைத் தூது விடுவார்கள். முகம் கோணக் கூடாது என்ற கவலை இரண்டு பக்கமும் ஒன்றுதான். அங்கே அது வாய் வழியாகப் போகிறது, இங்கே தாள் வழியாக.

கரோக்கேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1971இல் கோபே நகரத்தில் இனோவே தைசுகே அந்த இயந்திரத்தைச் செய்தார், காப்புரிமை வாங்கவில்லை. பிலிப்பைன்ஸில் ரொபெர்ட்டோ டெல் ரொசாரியோ தன் பாட்டு இயந்திரத்துக்கு 1980களில் காப்புரிமை பெற்றார். இரண்டு நாடும் சொந்தம் கொண்டாடும் பொருள். ஜப்பானில் சத்தம் வெளியே போகாத அறைக்குள் நண்பர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார்கள். பிலிப்பைன்ஸில் வாசலில் பெட்டியை வைத்துத் தெருவுக்கே பாடுவார்கள்.

குளியல் விஷயம் ஆத்தேவுக்கு ரொம்ப நாள் ஒத்துவரவில்லை. ஜப்பானில் வேலை முடிந்து வந்து, உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கழுத்து வரை வெந்நீர்த் தொட்டியில் அமிழ்ந்தால்தான் நாள் முடிந்ததாகக் கணக்கு. பிலிப்பைன்ஸில் குளியல் காலையில், ‘தாபோ’ என்ற கைப்பிடி வைத்த குவளையால் மொண்டு ஊற்றிக்கொள்வது. அதோடு ‘பாஸ்மா’ என்று ஒரு நம்பிக்கை. உழைத்துச் சூடேறின உடம்பில் தண்ணீர் பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும், கை நடுங்கும் என்பார்கள். துணிக்கு இஸ்திரி போட்ட கையைக்கூட உடனே கழுவ விடமாட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு நாளில் பத்துப் பதினைந்து பேரைக் குளிப்பாட்டிவிட்டு வந்து தானும் தொட்டியில் இறங்கும்போது, அம்மா குரல் காதில் கேட்கும் என்பார்.

இறந்தவர்களை நினைக்கும் நாட்களில்தான் இரண்டு ஊரும் மிக அருகில் வருகின்றன. ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் நடுவில் ஓபோன். முன்னோர் வீட்டுக்கு வருகிறார்கள் என்று விளக்கேற்றி, வெள்ளரிக்காயில் குச்சி குத்திக் குதிரையும் கத்தரிக்காயில் மாடும் செய்து வைப்பார்கள். வரும்போது குதிரையில் வேகமாக, போகும்போது மாட்டில் மெதுவாக. கல்லறைக் கல்லைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் ஊற்றுவார்கள். பிலிப்பைன்ஸில் நவம்பர் 1, 2 தேதிகளில் உந்தாஸ். அவர்களும் கல்லறையைக் கழுவி வெள்ளையடித்து மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஆனால் சாப்பாடு கட்டிக்கொண்டு போய், கூடாரம் போட்டு, குழந்தைகளோடு இரவு அங்கேயே தங்கிவிடுவார்கள். ஆத்தே வேலை பார்த்த இல்லத்தில் ஒரு பாட்டி, தன் அறையில் இருந்த சின்ன பௌத்த மாடத்தில் தினமும் முதல் சோற்றைக் கணவருக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஆத்தே தன் அப்பாவின் படத்தைக் கைபேசியில் காட்டியதும், அந்தப் பாட்டி கை கூப்பிவிட்டு, இவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாராம்.

கிறிஸ்துமஸ் மட்டும் ஏக்கம்தான். பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்ததுமே பாட்டுப் போட ஆரம்பித்துவிடுவார்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை விடியலுக்கு முன் ‘சிம்பாங் காபி’ பூசைகள், கடைசி இரவு வீடு கொள்ளாத விருந்து. ஜப்பானில் அன்று விடுமுறைகூடக் கிடையாது. 1970களின் விளம்பரத்தில் தொற்றிய பழக்கமாகப் பொரித்த கோழி வாங்கிச் சாப்பிடுவார்கள், காதலர்கள் வெளியே போவார்கள். வீட்டோடு கூடுவதெல்லாம் புத்தாண்டுக்கு. அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம்தான் இவர்களுக்கு ஊர். அங்கேதான் வேலை, வீடு, விசா, சண்டை எல்லாம் பேசித் தீர்ப்பார்கள்.

அங்கே அடிக்கடி காதில் விழும் ஒரு சிக்கல் மணமுறிவு. ஜப்பானில் இருவரும் சம்மதித்தால் ஒரு படிவம், இரண்டு சாட்சிக் கையெழுத்து, நகராட்சியில் கொடுத்தால் முடிந்தது. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைத் தவிர யாருக்கும் மணமுறிவுச் சட்டமே இல்லை. ஜப்பானியரை மணந்து அங்கே பிரிந்த பெண், ஊரில் இன்னும் மனைவியாகவே பதிவில் இருப்பார். வெளிநாட்டுக் கணவர் வாங்கிய மணமுறிவை மட்டும் ஏற்பார்கள் என்றிருந்த நிலையை, ஜப்பானில் தானே வழக்குப் போட்டுப் பிரிந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணின் வழக்கில் 2018இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் மாற்றியது. அப்போதும் ஊர் நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டுத்தான் அதைப் பதிய முடியும்.

எனக்கு மனதில் நிற்பது முதியோர் இல்லம். பெற்றவர்களை இல்லத்தில் விடுவது பிலிப்பைன்ஸில் தலைகுனிவு. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள், பிள்ளைகளே அறுபதைத் தொட்டிருப்பார்கள். ஞாயிறு அன்று அரை மணி நேரம் வந்து போகும் மகளைப் பார்த்து ஆத்தே முதலில் கொதித்திருக்கிறார். பேசிப் பேசித்தான் தெரிந்தது, பல பாட்டிகள் தாங்களாகவே கேட்டு வந்தவர்கள். பிள்ளைக்கு மேய்வக்காக இருக்கக் கூடாதாம். இன்னொன்று, ஆரம்பத்தில் ஆத்தே வாஞ்சையாகப் ‘பாட்டி’ என்று கூப்பிட்டதற்கு மேலதிகாரி திருத்தினார். குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும், அவர் யாருக்கோ பாட்டியாக மட்டும் இருப்பவர் இல்லை, தனி மனுஷி. அது சரிதான் என்று ஆத்தே ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் தன் அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து, அடுத்தவர்களின் அம்மாக்களைக் குளிப்பாட்டிச் சம்பாதித்த பணத்தைத்தான் ஊருக்கு அனுப்புகிறார். யாரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு முறை கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை, நானும் அம்மாவை விட்டுவிட்டு வந்தவன்தான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பிலிப்பைன்ஸைப் பிடித்து வைத்திருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945 பிப்ரவரி, மார்ச்சில் மணிலாவில் மட்டும் சுமார் 1 லட்சம் பொதுமக்கள் இறந்தார்கள். குடியரசுத் தலைவர் எல்பிடியோ கிரினோ தன் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் அதில் இழந்தவர். அவரே 1953இல், போர்க் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியருக்கு மன்னிப்பு வழங்கினார். பிலிப்பைன்ஸ் களத்தில் செத்த ஜப்பானியச் சிப்பாய்கள் சுமார் 5 லட்சம் பேர். லூசோன் தீவில் அண்ணனைப் பறிகொடுத்த ஒரு முதியவர், ஆத்தே எந்த ஊர் என்று தெரிந்த நாளில் படுக்கையிலிருந்தபடியே தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டாராம். ஆத்தே அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். பெரியவர்களிடம் ஆசி வாங்கப் பிலிப்பைன்ஸில் அப்படித்தான் செய்வார்கள், ‘மானோ’ என்று பெயர்.

திரும்பிப் போவார்களா என்று அடுத்ததாக நீங்கள் கேட்கக்கூடும். பலர் போக நினைக்கிறார்கள். ஜப்பான் ஓய்வூதியத்துக்கு முன்பு 25 வருடம் பணம் கட்டியிருக்க வேண்டும். 2017இல் அதை 10 வருடமாகக் குறைத்தார்கள். 2018 ஆகஸ்ட் முதல் இரு நாட்டிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தமும் இருக்கிறது. ஆத்தே 10 வருடம் தாண்டிவிட்டார். புலகானில் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் பாட்டுப் பெட்டி வைக்க அகலமான முற்றம், உள்ளே ஜப்பானியக் குளியல் தொட்டி. தொட்டி வேண்டவே வேண்டாம், வேலை செய்த உடம்போடு இறங்கினால் பாஸ்மா வரும் என்று அம்மா தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நான் கடைசியாக விசாரித்தபோது குழாய் வேலை பாதியில் நின்றிருந்தது.